ஏழு நிற விளக்கும் தங்கை வீட்டு மாவும்

என் தங்கை வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரில் இருக்கிறது. நடுவில் ஒரு சந்து. ஒரு ஆட்டோ உள்ளே வந்தால் எதிரில் வருகிற வண்டி பின்னுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அகலம். அவள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று நான் சொல்லுவேன். என் வீட்டில் என்ன குழம்பு என்று அவள் சொல்லுவாள். இப்படி ஒருத்தியை எதிரில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வாழ்ந்து பார்த்தால்தான் நான் சொல்லப் போவது புரியும்.

எங்கள் அப்பனும் ஆத்தாளும் கிணத்துக்கடவுப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். நான் மூத்தவள். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தித் தக்காளி பறிக்க அனுப்பினார்கள். அவளைக் கன்னியாஸ்திரிகள் போர்டிங்கில் சேர்த்துப் பத்தாவது வரைக்கும் படிக்க வைத்தார்கள். லீவுக்கு வரும்போது இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டிக்கொண்டு வருவாள். நான் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நானும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து, ஒரு நாள் வேலைக்கு மட்டம் போடாமல் ரிட்டயர் ஆனேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் படிப்பேன். யார் வாசலிலும் போய் நின்றது கிடையாது. அதாவது, இந்தக் கம்ப்யூட்டர் வருகிற வரைக்கும்.

என் மகளும் தங்கையின் மருமகளும் ஒரே தொழில். வீடோ கடையோ கட்டுவதற்கு முன்னாலேயே அது கட்டி முடித்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டுவார்கள். ஜன்னலில் வெயில் விழுவது வரைக்கும் அதில் தெரியும். என் மகள் ஒரு ஆபீசில் மாதச் சம்பளத்துக்கு இருந்தாள். அவள் போட்ட படத்தின் கீழே முதலாளி பெயர் இருக்கும். தங்கையின் மருமகள் வீட்டிலேயே சொந்தமாகச் செய்தாள். அவளுக்காகத் தங்கை மகன் காந்திபுரத்தில் ஒரு கடையில், வேண்டிய சாமான்களைத் தனித்தனியாகப் பொறுக்கி, அந்த வேலைக்கென்றே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கட்டி வாங்கி வந்திருந்தான். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நீல விளக்கு. சாயங்காலமானால் அந்த நீலம் அவர்கள் ஜன்னல் திரையில் அடித்து எங்கள் வாசல் வரைக்கும் வந்து விழும். என் வாசலில், நான் கூட்டிப் பெருக்கின வாசலில்.

போன வருஷம் எங்கள் பங்கில், அதாவது எங்கள் சர்ச்சில், சமுதாயக் கூடம் கட்ட முடிவானபோது அந்த மருமகள்தான் படம் போட்டாள். பூசை முடிந்ததும் வெள்ளைத் திரையில் காட்டினார்கள். சாமியார் அவளை மேலே கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். என் தங்கை முன் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் என்ன படம் போட்டாள், அழுவதற்கு? அவள் செய்ததெல்லாம் மருமகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இஞ்சினியர் மாதிரி விரலை நீட்டி, அந்தத் தூணைக் கொஞ்சம் தள்ளு கண்ணு என்று சொன்னதுதான். ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். என் மகள் என் பக்கத்தில் நின்று நன்றாகக் கை தட்டினாள். அவள் தட்டிய ஒவ்வொரு தட்டும் எனக்கு எங்கேயோ போய் விழுந்தது.

இந்த வருஷம் கோயில் பீடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான் நேரே சாமியாரிடம் போனேன். ஒரே வீட்டுக்கே கொடுத்தால் எப்படி சாமி, என் மகளும் இதே வேலைதானே என்றேன். அவர் தாடையைத் தடவினார். சரி, ஆனால் திருவிழா ஞாயிறு பூசை முடிந்ததும் திரையில் காட்ட வேண்டும், அன்றைக்கு ஆயர் வருகிறார் என்றார். படத்தில் மகள் பெயரும் வரும் என்றார். அதைக் கேட்டுக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் வெளி வேலை செய்ய விடமாட்டார்கள். ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் நான் தொடாமல் வைத்திருந்தது கொஞ்சம் இருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு காந்திபுரம் போனேன். தங்கை மகன் வாங்கின அதே கடைக்குத்தான். வேறு கடைக்குப் போனால் எது பெரிது எது சின்னது என்று ஒப்பிட முடியாதே.

போவதற்கு முன்பே நான் தயாராகத்தான் இருந்தேன். தங்கை வீட்டில் காப்பி குடிக்கும்போது, உங்களதில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டு வைத்திருந்தேன். மருமகள் சொன்னாள். மெமரி பதினாறு. படத்துக்கென்று ஒரு கார்டு இருக்கிறது, அது எட்டு. பதினாறு, எட்டு என்று ஜெபமாலை சொல்வதுபோல மனதுக்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கடையில் மகளும் அதே பதினாறு, எட்டுதான் கேட்டாள். இந்த வேலைக்கு அது போதும், பின்னால் வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம் என்றாள். கடைக்காரர் எழுதிக்கொண்டார். அப்புறம் அவள் திரையின் நிறங்களைப் பார்க்க மாடிக்குப் போனாள். நான் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, பதினாறுக்கு மேல என்ன இருக்குது?"

"முப்பத்திரண்டு இருக்குதுங்கம்மா."

"அதையே போடுங்க. அந்தக் கார்டு எட்டுன்னு சொன்னாளே, அதுக்கு மேல?"

இருக்கிறது என்றார். ஆனால் அவ்வளவு பெரிய கார்டு போட்டால் அது கரண்டை நிறைய இழுக்கும், அதற்குப் பவர் சப்ளையும் பெரிதாகப் போட வேண்டும் என்றார். ஒரு இரும்பு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். ரேசன் கடை எடைக்கல் மாதிரிக் கனம். அழகென்று ஒன்றும் இல்லை.

"இது எங்க இருக்குமுங்க?"

"அடியிலங்கம்மா. மேல ஒரு தகடு மூடியிருக்கும்."

"வெளிய தெரியாதா?"

"தெரியாதுங்க."

"அப்ப சின்னதே இருக்கட்டும். மிச்சத்துக்கு அந்த லைட்டு வெக்கற காத்தாடி போடுங்க. ஒரு நெறம் வேண்டாம். எல்லா நெறமும் வர்றது."

அவர் ஏதோ சொன்னார். இப்போதைக்கு ஓடும், வேலை கூடினால் மாற்ற வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மனிதர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

மகள் இறங்கி வந்து பில்லில் பெரிய கார்டைப் பார்த்ததும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எனக்காகவா அம்மா என்றாள். ஆமாம் என்றேன். பொய் இல்லை. அவளுக்காகவும்தான்.

தெருப் பக்கம் ஜன்னலோரமாக மேசை போட்டு அதை வைத்தோம். ஏழு நிறமும் ஒன்று மாற்றி ஒன்று ஓடியது. திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டினேன். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுச் சிவப்பும் பச்சையும் எதிர் வீட்டு வாசலில் போய் விழுந்தன. தங்கை வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்கக்கா. கோயில் நோம்பிக்குச் சீரியல் லைட்டுப் போட்டாப்பல இருக்குது."

இது புகழ்ச்சியா குத்தலா என்று நான் பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் யோசித்தேன். முகத்தில் ஒன்றும் தெரியாது அவளுக்கு. போர்டிங்கில் கற்றுக்கொண்டது.

மகள் பீடத்தை வரைந்து முடித்தாள். இரண்டு பக்கமும் தேக்குத் தூண், நடுவில் பளிங்கு, மேலே கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கும். இதெல்லாம் கோடாகத்தான் இருந்தது. இனி இதை ரெண்டர் போட வேண்டும், அப்போதுதான் நிஜம் மாதிரி ஆகும், அரிசியை உலையில் போடுவது போலத்தான், வேகிற வரைக்கும் நாம் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். நான் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். பளிங்கு கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையாகிக்கொண்டு வந்தது. காத்தாடிகள் இரைந்தன. திடீரென்று ஒரு 'டொக்'. ஏழு நிறமும் அணைந்தது. திரை கறுப்பு. வீட்டில் மற்றதெல்லாம் எரிகிறது, இது மட்டும் செத்துக் கிடக்கிறது.

மறுபடி போட்டால் ஒன்றும் நடக்காதது போல எழுந்தது. உலையில் வைத்தால் பாதி வேக்காட்டில் அணைந்தது. மகள் மறுபடி வைத்தாள். மறுபடி டொக்.

கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். ஆனால் எப்படிக் கொண்டுபோவது? வாங்கி இன்னும் வாசம் போகவில்லை. எதிரில் தங்கை வாசலிலேயே நிற்கிறாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டு. நான் கட்டிலில் கிடந்த போர்வையை உருவிக் கம்ப்யூட்டரைத் தலை முதல் கால் வரை சுற்றினேன். ஆட்டோவில் ஏற்றும்போது அவள் கேட்டாள்.

"என்னங்கக்கா அது?"

"கிரைண்டர். கல்லுத் தேஞ்சுபோச்சு, கொத்தக் கொண்டு போறேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஆட்டோக்காரரைப் பார்த்தேன்.

கடையில் நமக்கு விற்றவர் இல்லை, சர்வீஸ் பார்க்கிறவர்தான் இருந்தார். சுவிட்சைப் போட்டார், எழுந்தது. நாள் முழுக்க ஓட விட்டார், ஓடியது. நம் வீட்டில்தான் கரண்டு சரியில்லை என்று ஒரு யுபிஎஸ் கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலையில் தங்கை ஒரு தூக்கு நிறைய மாவு கொடுத்து அனுப்பியிருந்தாள். கிரைண்டர் இல்லாமல் என்ன பண்ணுவீர்கள் அக்கா என்று சொல்லிவிட்டாளாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கிரைண்டர் சமையலறையில் கல்லுக் குண்டாக இருக்கிறது. ஆனால் ஓட்ட முடியாது. அதன் சத்தம் எதிர் வீடு வரைக்கும் போகும். ஊறப் போட்ட அரிசியை என்ன செய்வது என்று தெரியாமல் சோறாக்கிவிட்டேன்.

யுபிஎஸ் வைத்தும் அணைந்தது. இரண்டாம் தடவை போர்வை. தங்கை கேட்டதற்கு "மோட்டார்" என்றேன். சர்வீஸ்காரர் மெமரியைக் கழற்றி ரப்பர் வைத்துத் தேய்த்து மாட்டினார், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து முதலிலிருந்து ஏற்றினார். என் மகள் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தாள். மாவு வந்தது. மூன்றாம் தடவை "பெல்ட்டு" என்றேன். மாவு வந்தது.

அந்த மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இட்லி பூப்போல வந்தது. நானும் அதே உளுந்து, அதே வெந்தயம்தான் போடுகிறேன். நாற்பது வருஷமாக எனக்கு அப்படி வரவில்லை. மகள் இரண்டாவது ஈட்டுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு, சின்னம்மா மாவே தனிதான் என்றாள். நான் சட்னியை அவள் தட்டில் கொஞ்சம் வேகமாகத்தான் ஊற்றினேன். தூக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்கக்கூடாதே, ஒவ்வொரு தடவையும் அதில் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். அவள் மாவுக்கு என் சர்க்கரை. என் வீட்டில் மூடி போட்டு மூலையில் என் கிரைண்டர்.

திருவிழாக் கொடி ஏறியது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். சாமியார் படம் எங்கே என்று ஆள் அனுப்பினார். ஆபீசுக்கு லீவு போட்டிருந்த மகள் மதியச் சோற்றைத் தொடாமல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அம்மா, நான் சாமியார்கிட்டப் போய்ச் சொல்லிப்போட்டு வாரேன். அண்ணிகிட்டயே குடுத்தரட்டும். என்னால ஆகல."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். படத்தின் கீழே வருகிற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பை மாட்டப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தங்கையின் தூக்கை எடுத்தேன். சர்க்கரை தீர்ந்துபோயிருந்தது. அவசரத்தில் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

தங்கை கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் மருமகள் வேலை செய்கிற நீல வெளிச்சம். நான் தூக்கை வைத்தேன். உட்கார்ந்தேன். ஒரு வெங்காயத்தை எடுத்து நானும் உரித்தேன். இன்னொன்றையும் உரித்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பெரிய டாக்டர்களிடம் நேருக்கு நேர் நின்று பேசினவள் நான்.

"கிரைண்டர் செரியாச்சுங்களாக்கா?" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கிரைண்டர் நல்லாத்தான் இருக்குது. கெட்டது கம்ப்யூட்டரு."

"தெரியுமுங்கக்கா."

"எப்பத் தெரியும்?"

"மொதல் நாளே. கல்லுக் கொத்தறவன் ஊட்டுக்கே வந்து கொத்திப்போட்டுப் போவான். போர்வை போத்தி ஆட்டோவுல யாருக்கா கிரைண்டரக் கொண்டுபோறாங்க?"

எனக்குக் காது இரண்டும் சுட்டது. வெங்காயம் ஒரு வசதி, கண்ணுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"அப்புறம் எதுக்கு அம்மணி மாவு குடுத்துவிட்ட?"

"நீங்க கிரைண்டர்னு சொல்லிப்போட்டீங்க. இனி உசுரே போனாலும் மாவாட்ட மாட்டீங்கன்னு தெரியும். புள்ள பட்டினி கெடக்கோணுமா?"

அவள் சிரித்திருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். சிரிக்கவில்லை. உள்ளே பார்த்து மருமகளைக் கூப்பிட்டு, உன்ற வேலைய நாளைக்குப் பாத்துக்கலாம் கண்ணு, அக்கா மகள வரச் சொல்லு என்றாள். நான் கேட்கவே இல்லை. கேட்கிற சிரமத்தைக்கூட அவளே எடுத்துக்கொண்டாள். அது இன்னும் மோசம்.

மகள் பீடத்தை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்தாள். அந்த நீல விளக்குப் பெட்டியில் உலை வைத்தார்கள். நான் அணைந்துபோகும், அணைந்துபோகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அணையக்கூடாது என்று ஜெபித்தேன். அணைந்தாலும் பரவாயில்லை என்று உள்ளே ஒரு மூலையில் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அது அணையவில்லை. நிதானமாக, ஒரு சத்தமில்லாமல், பளிங்கை வேகவைத்துக்கொண்டே போனது.

அது வேகிற நேரத்தில் மருமகள் எங்களுடையதையும் தூக்கி வரச் சொன்னாள். இந்தத் தடவை போர்வை இல்லை. தெரு முழுக்கப் பார்த்தது. அவள் திருகாணிகளைக் கழற்றி, அடியில் மூடியிருந்த தகட்டை எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"பெரியத்த, இவ்வளவு பெரிய கார்டுக்கு இத்தனூண்டு பவர் சப்ளை போட்டிருக்கறாங்க. சும்மா இருந்தா ஓடும், ரெண்டர் வெச்சா தாங்காது. கடையில ஏமாத்திட்டாங்க."

என் மகளுக்கு வந்ததே கோபம். அங்கேயே கடைக்குப் போன் போட்டாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். இந்தத் தடவை நமக்கு விற்றவரே எடுத்தார். அவள் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்தார். அப்புறம், உங்கள் அம்மா பக்கத்தில் இருந்தால் அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள் என்றார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெளிய தெரியாதுன்னு அவருதான சொன்னாரு" என்றேன்.

என் தங்கை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. சுவரில் வேளாங்கண்ணி மாதா படம் இருக்கிறது, ஜெபிக்கிறாள் என்று நான் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விளக்குகளை அணைத்தார்கள். திரையில் பீடம் வந்தது. மேலேயிருந்து இறங்குகிற வெளிச்சத்தைப் பார்த்து ஜனங்கள் ஒரு மூச்சு விட்டது கேட்டது. கீழே மூலையில் என் மகள் பெயர். எழுத்துக்கூட்டாமலேயே படித்தேன். ஆயர் அவள் தலையில் கை வைத்தார். பொன்னாடை போர்த்தினார்கள். நான் அழவில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்து அழுகிற பழக்கம் எங்கள் வீட்டில் எனக்குக் கிடையாது.

வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் அன்பியத்தில், தெரு ஜெபக் கூட்டத்தில், வம்புக்கென்றே பிறந்த ஒருத்தி என் தங்கையின் தோளைத் தொட்டு, ஏனுங்க, போன வருஷம் உங்க மருமக போட்டதக் காட்டிலும் இது ஒரு படி மேலதானுங்க, அவங்க ஊட்டுக் கம்ப்யூட்டரு பெருசாமே என்றாள். இப்போது சொல்லப் போகிறாள் என்று நான் கையிலிருந்த ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தேன். இது எங்கள் வீட்டுப் பெட்டியில் வெந்தது என்று ஒரு வார்த்தை. சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. நானாக இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லியிருப்பேன், ஆயரிடமே சொல்லியிருப்பேன்.

"என்ற அக்கா மகளுங்க. அவ கெட்டிக்காரி" என்றாள் தங்கை. அவ்வளவுதான்.

சந்து வரைக்கும் சேர்ந்து நடந்து வந்தோம். மகளும் மருமகளும் பொன்னாடையை மாற்றி மாற்றிப் போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டு முன்னால் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அம்மணி சொல்லல?"

"எதைங்கக்கா?" என்றாள்.

நிஜமாகவே தெரியாதவள் மாதிரிக் கேட்டாள். போர்டிங் முகம். அவள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் கடைக்காரர் பெரிய டப்பாவை மாட்டிக் கொடுத்தார். இப்போது எங்கள் பெட்டி எதை வைத்தாலும் வேகவைக்கிறது. மகள் ஆபீசை விட்டுவிட்டாள். ஏழு நிறமும் சாயங்காலமானால் தங்கை வாசலில் போய் விழுகின்றன, அவளுடைய நீலம் என் வாசலில் விழுகிறது. மெமரியில் நாங்கள் பெரிது, கார்டில் நாங்கள் பெரிது. ஆனால் அந்த "எதைங்கக்கா" இருக்கிறதே, அதை நான் எத்தனையோ தடவை தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். என் வாயில் அது அப்படி வரவில்லை. அதையும் அவள்தான் முதலில் வாங்கி வைத்திருக்கிறாள். அதற்கு ஒரு அளவு பெரிதாக வேண்டும் என்று காந்திபுரத்தில் எந்தக் கடையில் போய் நான் கேட்பது?